நீலப் புத்தகம்

வில்கியாவுக்கு வெளியே, பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
கார் டிக்கியைத் திறந்து காட்டினான் எட்முண்டாஸ்.
"வீட்டுக்கு வரட்டுமா? தாயைப் பார்க்கணும்."
"அது தூங்குது" என்றான்.
தூங்குவதை எழுப்புவானேன் என்று
எனக்கும் பட்டது. நல்ல குளிர். குட்டி அதற்குள்
என் கையுறையைச் சப்பத் தொடங்கியிருந்தது.

நானூறு யூரோ. ரசீது கேட்கவில்லை.
நீலப் புத்தகம் தந்தான், ஸ்டிக்கர் ஒட்டி, முத்திரை குத்தி.
பெயர் எழுதும் கோடு மட்டும் காலி.
ஞாயிற்றுக்கிழமை யோசிக்கலாம் என்றிருந்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீரையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.
நான்காம் நாள் சமையலறை முழுக்கக்
கழிச்சல், ரத்தம், துருவேறிய இரும்பின் வாடை.
"பார்வோ" என்றார் டாக்டர் கின்டாரே.
விரல் தடிமன்கூட இல்லாத காலில்
மயிர் மழித்து நரம்பு தேடினார்.
பிறகு புத்தகத்தைப் புரட்டினார்:
பிறந்தது செப்டம்பர் பதினான்கு,
முதல் தடுப்பூசி செப்டம்பர் பதினொன்று.
"பிறக்கும் முன்பே போட்டிருக்காங்க" என்றார்,
சிரிக்காமல்.

கௌனாஸ் முழுக்க டிராலிபஸ் ஓட்டியபடி
ஒவ்வொரு நிறுத்தத்திலும் போனைப் பார்த்தேன்.
ஆறாம் நாள் காலை அவரே அழைத்தார்.

தரையை ப்ளீச் ஊற்றிக் கழுவு,
ஒரு வருஷத்துக்கு வேறு குட்டி வேண்டாம்.
கழுவினேன். இரண்டு தடவை.

எட்முண்டாஸ் போனை எடுத்தான், அதுவே அதிசயம்.
"அதே ஈத்துல ஒண்ணு மிச்சமிருக்கு. பாதி விலை."
"மிச்சமா? அப்போ மத்ததெல்லாம்?"
அவன் வைக்கவுமில்லை, பேசவுமில்லை.
பின்னால் எங்கோ தகரத்தை உரசிக்கொண்டு
ஒரு நாய் குரைத்தது, தொண்டை கட்டிய குரலில்,
விடாமல்.
அது தூங்கவில்லை.