குகையில் ஒரு கூகை

படத்தில் அது வருவது மொத்தம் பதினோரு விநாடி.
மந்திரவாதி குகைக்குள் நுழைகையில் நான்கு,
கோபத்தில் தரையைத் தட்டுகையில் ஐந்து,
மிச்சம் இரண்டு, அவன் செத்தபின்
கற்களுக்கிடையே உருண்டு கிடக்கையில்.
கைத்தடி. உச்சியில் ஒரு கூகை.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
கைப்பேசித் திரைமேல் அளவுகோல் வைத்து
அவன் கட்டைவிரலைக் கொண்டு
அலகையும் கண்ணையும் கணக்கிட்டேன்,
ஆள் ஆறடி என்ற நம்பிக்கையில்.

நான் இருப்பதும் குகைதான். சேலம் குகை.
மாலையில் டவுன் பஸ்ஸில்
நிற்க இடமில்லாமல் நுழைவேன்.

தொழில், பல் செய்வது.
சாரதா கல்லூரிச் சாலையில் மாடி லேப்.
கடைவாய்ப் பல்லை மெழுகில் வடித்து
மேடு பள்ளம் சரிபார்த்து அனுப்புவேன்.
வாயைப் பார்த்ததில்லை. சீட்டில் பெயர் இருக்கும்,
நிறத்துக்கு ஓர் எண் இருக்கும்.
தேய்ந்த பர் முனைகளை எறியமாட்டேன்.
பீங்கானுக்கு உதவாதது மரத்துக்குப் போதும்.

மரம் நாகலூரிலிருந்து.
காப்பிச் செடிக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக்,
மிளகுக்கொடி பற்றியிருந்த தழும்போடு.
காற்றில் சாய்ந்ததை பெலிக்ஸ் அறுத்து வைத்திருந்தார்.
"மேஜைக்கா மேடம்?"
"கூகைக்கு."
அதற்குமேல் கேட்கவில்லை.
இன்னொரு துண்டும் சேர்த்துச் சாக்கில் கட்டினார்.
கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அது என் மடியில் புரண்டது.
பக்கத்து சீட்டுப் பெண்
வாந்திக்குப் பையை விரித்தபடியே கேட்டாள்:
"பலாவா?"

"படத்துல இருந்ததே ஃபைபர்தான்" என்றார் சுகவனம்,
இரும்பாலை ஷிஃப்ட் முடிந்து வந்து,
சோற்றில் விழுந்த மரத்தூளை ஊதிக்கொண்டே.
"அசலே பொய். அதுக்கு ஒரு நகலா?"
நான் செய்கிற பல்லும்தான் அசல் இல்லை,
சோளக்கதிர் கடிக்கிறார்கள் என்றேன்.

மூன்றாம் மாதம் முகம் முடிந்தது.
இடக்கண் கொஞ்சம் பெரிது; படத்திலும் அப்படித்தான்.
தடியைத் திருப்பினேன்.

பின்னால் ஒன்றுமில்லை.
பதினோரு விநாடியில் ஒன்றில்கூட
காமிரா அந்தப் பக்கம் போகவில்லை.
முதுகுவரை கழுத்தைத் திருப்பும் பறவை,
அதன் பிடரியை ஒருவரும் படம்பிடிக்கவில்லை.
அங்கே ஓர் ஆணி இருந்திருக்கலாம், ஒரு கம்பி,
பசை வழிந்து காய்ந்த கோடு.
அசலை அப்படியே செய்வதென்றால்
அதையும் செதுக்க வேண்டுமோ?

இரண்டு ஞாயிறு
பழைய துண்டுக்கடியில் கிடந்தது.
நடுவில் ஓமலூருக்கு ஒரு முழு மேல்தாடை போயிற்று.
பல்லுக்கும் உள்பக்கம் உண்டு.
சிரிப்பில் தெரியாது. நாக்குக்குத் தெரியும்.

மூன்றாம் ஞாயிறு
என்ன செய்வதென்று தெரியாமல்
உப்புத்தாளால் பிடரியைத் தேய்த்தேன்.
எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது.
ஈரத்துணியால் துடைத்ததும் மேலே வந்தன,
மரம் மையத்திலிருந்து விளிம்புக்கு அறுபட்ட இடத்தில்
தன்னிடமே வைத்திருந்த செதில்கள்:
ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும்,
ஒளி சாய்ந்தால் நிறம் சாய்ந்து,
இறகு இல்லை, இறகுக்கு ரொம்பப் பக்கத்தில்.

முன்பக்கத்தில் நான் மூன்று மாதம் கீறியவை
அதன் எதிரில் கீறல்களாகவே இருந்தன.
உளியைக் கீழே வைத்தேன்.
பரவசமெல்லாம் இல்லை.
கொஞ்சம் எரிச்சல்தான்.

இப்போது அலமாரி மூலையில் நிற்கிறது.
பரண்மேல் கோணியை இழுக்க
அலகில் மாட்டி எடுத்துக்கொள்கிறார் சுகவனம்.
கீழ்வீட்டு அஃப்ரீன் மாடியேறி வந்து
தரையைத் தட்டினால் என்ன ஆகும் என்றாள்.
தெரியலையே, தட்டிப் பார் என்றேன்.
இரண்டு கையாலும் தூக்கித் தட்டினாள்.

படத்தில் அதற்குப் பாறை பிளக்கும்.
கீழிருந்து அவள் அம்மா,
"யாரது?" என்றார்.