குறைந்தபட்சம் ஒன்று

பெர்கனில் மழை நின்றால்தான் செய்தி.
நான்காவது மாடி, கப்பல் காப்பீட்டு நிறுவனம்.
பதினோரு வருஷமாகக் குப்பைத் தொட்டிகளைக் காலி செய்கிறேன்.
அதனால் எனக்குத் தெரிந்திருந்தது
யாருக்கு யாரோடு பேச்சில்லை என்று.
காப்பிக் கோப்பைகள் சொல்லிவிடும்.
யார் வேலையை விடப்போகிறார் என்று.
மேஜை இழுப்பறை ஒரு மாதம் முன்பே இளைக்கத் தொடங்கும்.
தூர்பியோர்க் பிள்ளை உண்டானது
அவள் கணவனுக்கு அடுத்தபடியாக
எனக்குத்தான் தெரியும்.

இப்போது தொட்டிகள் பட்டினி.
நாற்பத்திரண்டு மேஜை, ஒன்றுகூட யாருக்கும் சொந்தமில்லை.
வருகிற ஐந்தாறு பேரும் கைப்பேசியில் இடம் பிடித்து
விமானத்துக்குக் காத்திருப்பவர்கள்போல
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.
சண்டைகூடத் திரைக்குள்ளேயே நடக்கிறதாம்.
எனக்கென்று ஒரு கிழித்த காகிதம் மிச்சமில்லை.

ஆள் அசையாவிட்டால் விளக்கணையும் கட்டடம்.
மூன்றரைக்கே இருட்டிவிடும் டிசம்பரில்
துடைத்துக்கொண்டே அவ்வப்போது கையை உயர்த்தி ஆட்டுவேன்.
எதிர்க் கட்டடத்திலிருந்து பார்ப்பவர்
யாரையோ வழியனுப்புகிறேன் என்று நினைக்கலாம்.

ஜனவரியில் எல்லோருக்கும் ஒரு படிவம்:
உங்கள் பணியை வாரத்தில் எத்தனை நாள்
வீட்டிலிருந்து செய்ய இயலும்?
பூஜ்யம் என்று அடித்தேன்.
சிவப்பில் எழுதிற்று: குறைந்தபட்சம் ஒன்று.
மறுபடி பூஜ்யம். மறுபடி சிவப்பு.
மேலாளரைக் கேட்கலாமென்றால்
பத்து மாதமாக அவர் ஒரு பெயரும் பச்சைப் புள்ளியும்தான்.
ஒன்று என்று போட்டேன்.
நன்றி, லெட்டபிர்ஹான் என்றது.
ஓர் எழுத்துப் பிழையில்லை.
மனிதர்கள் லெட்டி என்பார்கள்.

அக்காவிடம் சொன்னேன். அஸ்மராவில் இருந்தபடி சிரித்தாள்.
வீட்டிலிருந்து துடைக்கிறாயா? யார் வீட்டை?

என் வீட்டைத்தான்.
புதன்கிழமைதோறும் கணினியைத் திறந்து பச்சையாகிவிட்டு
அடுப்படி, குளியலறை மூலை, கட்டிலுக்கு அடி,
அலுவலகத்துக்குச் செய்வதுபோலவே, அலுவலக நேரத்தில்.
இந்தத் தரையைத் துடைத்ததற்கு
முதன்முதலாகச் சம்பளம் வருகிறது.

போன புதன் என் புள்ளிக்குப் பக்கத்தில் எழுத்து முளைத்தது.
கணக்குப் பிரிவு ஐலிஃப்.
இருக்கிறீர்களா?
தினமும் நேரில் நின்ற வருஷங்களில் அவன் கேட்காத கேள்வி.
ஜன்னலோரம் விட்டுப்போன கள்ளிச்செடி
உயிரோடிருக்கிறதா என்று அடுத்த வரி.

திரும்பிப் பார்த்தேன்.
என் ஜன்னலில், என் கோப்பைகளுக்கு நடுவே.
பூத்திருக்கிறது என்று தட்டினேன்.
எங்கே என்று அவன் கேட்கவில்லை.