எந்த வயர் நம்மளது

என் போனில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள்.
முகம் இருப்பவை நாற்பது தேறாது.
மிச்சமெல்லாம் வயர்.

கழற்றுவதற்கு முன் ஒன்று எடுத்துவிடுவேன்:
சிவப்பு எதில், மஞ்சள் எதில்,
கெப்பாசிட்டரின் எந்தக் காலில் பழுப்பு.
ஷார்ஜாவின் ஜூலை மொட்டைமாடியில்
மூளையை நம்பக்கூடாது.
போன் மறப்பதில்லை.
சூடேறினால் தானே அணைந்துவிடும்,
அந்த உரிமை அதற்கு உண்டு.

ஒருமுறை கை தவறி
அஞ்சுகத்துக்கு ஒரு படம் போய்விட்டது.
பதில் வந்தது:
"இதுல எந்த வயர் நம்மளது?"

சுவருக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே
நாலு விரல் சந்து.
தலை போகாது, போன் போகும்.
கையை விட்டுத் துழாவி, குத்துமதிப்பாக ஒரு க்ளிக்.
சீரியல் நம்பர் கோணலாக வந்து நிற்கும்,
பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவந்த பையன் மாதிரி.

தில் பகதூரிடம் ஒரு செல்ஃபி குச்சி.
அவன் முகம் அதில் ஒருநாளும் விழுந்ததில்லை.
டார்ச்சைப் போட்டு வீடியோவை ஓடவிட்டு
டக்டுக்குள் நுழைப்பான்.
அப்புறம் இரண்டு பேரும் குந்தியிருந்து பார்ப்போம்:
தூசி, தூசி, திருப்பம், தூசி,
ஒரு புறாவின் விலா,
எங்களுக்கு முன்னால் யாரோ விட்டுப்போன
ஸ்க்ரூடிரைவர்.
நல்ல கம்பெனி. அதை எடுத்துக்கொண்டோம்.

ரிமோட் செத்துப்போச்சு என்றாள் ஒரு வில்லாக்காரி.
முன்கேமராவைத் திறந்து
அதன் மூக்குக்கு நேரே ரிமோட்டை அமுக்கினேன்.
வெறுங்கண்ணுக்கு இல்லாத ஊதா ஒளி
திரையில் மினுக் மினுக் என்றது.
"இது பேசுது மேடம், அதுதான் கேக்கலை."
அவள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு
இன்னொரு தரம், இன்னொரு தரம் என்றான்.
ஏழு தரம் காட்டினேன்.
அன்றைய டிப்ஸ், குளிர்ந்த லபான் ஒரு பாட்டில்.

போன வெள்ளிக்கிழமை
சேவுகன் ஒரு க்ளிப் லென்ஸ் வாங்கி வந்தான்.
ஐந்து திர்ஹம்.
சுண்டைக்காய் அளவு கண்ணாடி,
துணி கவ்வும் க்ளிப்பின் பல்.
சஜ்ஜா கேம்பில் எங்கள் அறைக்கு எட்டுக் கட்டில்.
அன்று ராத்திரி எல்லாம் பெரிதாகிவிட்டது:
குபூஸில் பூத்த பூஞ்சை,
குல்விந்தரின் தாடியில் ஒரு நரை,
திர்ஹம் காசில் காவாக் கூஜாவின் மூக்கு,
இருதயராஜ் கட்டிலின் மூட்டைப்பூச்சி.
கடைசியதைப் பார்த்த பிறகு யாரும் படுக்கவில்லை.

என் முறை.
கொடியில் தொங்கிய வேலைச்சட்டையை இழுத்து
கழுத்தோரம் வெள்ளை பாய்ந்த இடத்தில் வைத்தேன்.
மூச்சு விட்டால் கலங்குகிறது, மூச்சை அடக்கினேன்.
உப்பு.
கட்டம் கட்டமாக, சன்னல் சன்னலாக,
நீல நூல்களின் மேல்
ஒரு நகரமே எழும்பி நின்றது.
நாங்கள் ஏசி மாட்டாத நகரம்.

"பனி," என்றான் தில் பகதூர்.
அவனுக்குத் தெரியும், அவன் பார்த்தவன்.
"கண்ணாடித் தூள்," என்றான் சேவுகன்.
யாரும் வியர்வை என்று சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

அஞ்சுகத்துக்கு அனுப்பினேன், தெரிந்தே.
கண்டுபிடி, என்ன இது?

இரண்டு நீலக் கோடு விழுந்தது.
எழுதுகிறாள், நிறுத்துகிறாள்,
எழுதுகிறாள்.
கற்கண்டு என்பாள், வைரம் என்பாள்,
அப்புறம் நான் உடைத்துச் சொல்லலாம்
என்று சிரித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வந்தது:
"வலது ஓரத்துல தாம்புக்கயிறு மாதிரி
ஒரு பச்சை இருக்கே,
அது நான் போட்ட நூல்.
லீவுல வந்தப்போ காலர் பிரிஞ்சிருந்துச்சே,
அன்னைக்கு நீலம் தீந்துபோச்சு.
இன்னும் விடலையா அது?"

படத்தைத் திரும்ப இழுத்துப் பெரிதாக்கினேன்.
ஆமாம், இருந்தது.
உப்பு அதன் மேலும் ஏறியிருந்தது.

விடலை, என்று டைப் செய்தேன்.
சேவுகன் லென்ஸைத் திருப்பிக் கேட்டான்.
இருடா, என்றேன்.