காலித் தீப்பெட்டி

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது.
கானாடுகாத்தானில் அந்த வீட்டின் கல்யாணக் கூடம்
வாடகைக்குப் போகாமல் கிடக்கும்.
பதினேழு பங்கில் ஒரு பங்கு பெத்தபெருமாளுடையது,
அதனால் சாவி கிடைத்தது.

தரையில் ஒரு பூக்கல்லுக்கு இரண்டு மைல்.
வடக்கு நிலைப்படி திருகோணமலை.
மூன்றாவது தூணடியில் மட்டக்களப்பு.
பந்தி மேசைகளை மடக்கி அடுக்கிய கிழக்கு மூலையிலிருந்து
ஜப்பான் வருகிறது:
ஐந்து தீப்பெட்டிகள், குச்சி நிரம்பியவை.
நம் பக்கம் ஒன்று.

வெள்ளைக்காரன் கப்பல் எப்படி நம் பக்கம்
என்று கேட்டான் சிராஜுதீன்.
கேட்டுவிட்டு அவனே அதை நகர்த்தினான்.

நாற்பத்திரண்டு, ஏப்ரல் ஒன்பது.
ஹெர்மீஸ், விமானந்தாங்கி.
அன்று அது தாங்கியது ஒரு விமானமும் இல்லை.
எல்லாம் கரையில் நின்றன.
பெட்டியை இழுத்துக் காட்டினேன்: காலி.

விதிகளை எழுதியவள் நான்.
ஆயுள் காப்பீட்டில், காரைக்குடிக் கிளையில் வேலை.
ஆள் போன பிறகுதான் கோப்பு என் மேசைக்கு வரும்.

முதல் ஆட்டம் நடந்தது நடந்தபடி.
மூழ்கியது.
இரண்டாவதில் துறைமுகத்தை விட்டுக் கிளப்பவில்லை;
துறைமுகத்துக்கே வந்தார்கள்.
ஐந்தாவதில் பெட்டிக்குள் பன்னிரண்டு குச்சி போட்டோம்.
கூடுதலாகக் கிடைத்தது இருபது நிமிடம்.
ஒன்பதாவதில் செய்தி தவறாமல் போய்ச் சேர்ந்தது,
கரையிலிருந்து சண்டை விமானங்கள் எழும்பின,
தாயக்கட்டையில் ஒன்று விழுந்தது.
பதினான்காவதில் மழை.
அப்பாடா, மழை!
பெத்தபெருமாள் விசிலடித்தது முற்றத்தில் எதிரொலித்தது.
மறுநாள் வெயிலில்
பத்துக் கல் தெற்கே பிடித்துவிட்டார்கள்.

சிராஜுதீனுக்கு தேவகோட்டை ரஸ்தாவில் பேட்டரிக் கடை.
இன்வெர்ட்டர் கொண்டுவந்து மடிக்கணினியை ஓடவிட்டான்,
பத்தாயிரம் தடவை.
இடையில் கரண்ட் போய் வந்தது, கடலுக்குத் தெரியவில்லை.
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினொன்றில் மூழ்கியது.
மிச்சம் ஐந்நூற்று எண்பத்தொன்பதை
ஒவ்வொன்றாகத் திறந்தேன்,
கையெழுத்தில் பிழை தேடுகிற என் பழக்கத்தோடு.
பலவற்றில், அந்த நேரத்துக்கு,
வேறொரு கப்பல் எரிந்துகொண்டிருந்தது.
வேறு பெயர்கள். என் படிவத்தில் அதே கட்டம்.

அப்போதுதான் கடைசிப் பத்தியைப் பார்த்தேன்.
மீட்கப்பட்டோர்.
பத்தாயிரம் வரிசையும் வெறுமை.
நிரலில் கோளாறு என்றேன்.
கோளாறு இல்லை, நீ விதி எழுதவில்லை என்றான்.

எழுதவில்லைதான்.
அன்று அந்தப் பக்கமாக ஒரு மருத்துவக் கப்பல் போயிற்று.
வெள்ளைப் பூச்சு, சிவப்புச் சிலுவை.
தண்ணீரில் மிதந்தவர்களை
ஏறத்தாழ அறுநூறு பேரை
ஏற்றிக்கொண்டு போயிற்று.
குண்டு தீர்ந்தோ மனமிருந்தோ
மேலே பறந்தவர்கள் அதைத் தொடவில்லை.
முந்நூற்று ஏழு பேரைக் கடல் வைத்துக்கொண்டது,
அந்த எண் எனக்கு மனப்பாடம்.
இந்தக் கப்பலுக்குப் பீரங்கி இல்லை,
அதனால் காய் செய்யவில்லை.

பெத்தபெருமாள் சட்டைப்பையைத் துழாவி
ஒரு காய்ச்சல் மாத்திரையை எடுத்தான்.
உறையைக் கிழித்து
மூன்றாவது தூணுக்குத் தெற்கே, மஞ்சள் பூவின் நடுவில் வைத்தான்.
தையில் முதல் கல்யாணம்.
அதற்குள் கூடத்தைக் கழுவித் தந்துவிட வேண்டும்.

ஒரு வீச்சுக்கு இது எத்தனை கல் நகரும் என்றான்.
கட்டை அவன் கையில் இருந்தது.
உருட்டாதே என்றேன்.
பிறகு எப்படி நகர்த்துவது என்றான்.