வலப்பக்கம் ஓசூர்

கடை பில் புத்தகத்தின் பின்தாளில்
நடுவே ஒரு கோடு இழுத்தான் முனிரத்தினம்.
இடப்பக்கம் கிருஷ்ணகிரி. வலப்பக்கம் ஓசூர்.
கிரானைட் தூசு போகாத விரல்
எண்களைத் தொட்டுத் தொட்டுக் கீழே இறங்கியது.

சம்பளம் இங்கே பதினேழு, அங்கே இருபத்து நாலரை.
"ஏழாயிரத்து ஐந்நூறு கூட" என்றான்
கடன் தீர்ந்தவன் குரலில்.

வாடகை வந்தது.
பழையபேட்டையில் நாலரை,
மூக்கண்டப்பள்ளியில் ஒன்பதரை.
பத்து மாத முன்பணம்
மாதக் கணக்கில் சேராதென்று
தனியே ஒரு வட்டத்துக்குள் அடைத்தான்.
தாளின் மூலையில் உட்கார்ந்து
அது எங்களையே பார்த்தது.

தண்ணீர் கேனுக்கு நானூற்றி இருபது.
பள்ளி வேன் தொள்ளாயிரம் கூட.
பால், காய்கறி என்று ஐந்நூறு.
தக்காளிக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்தான்.
ராயக்கோட்டை மண்டியில் சரிந்தால்
இரண்டு ஊரிலும் ஒரே நாளில் சரியும்,
எழுத வேண்டாம் என்றேன்.

மருந்து?
பதினோரு வருஷமாக அட்டை கத்தரித்துக் கொடுக்கிறேன்.
மாத்திரை ஒன்றுதான் எந்த ஊரிலும்
முதுகில் அச்சடித்த விலைக்கு வரும்.
காய்ச்சல் அப்படியில்லை.
இங்கே டாக்டருக்கு நூற்றைம்பது, அங்கே முந்நூறு.
"வந்தால்தானே" என்று
பூஜ்யம் போட்டான்.

மீதி அறுநூற்றி எண்பது.
அதன் கீழே இரண்டு கோடு.
"போகலாம்."

அவன் தூங்கிய பிறகு
தாளை விளக்கடியில் பிடித்தேன்.
என் எட்டாயிரம்
எந்தப் பக்கத்திலும் இல்லை.
எங்கே போனாலும் இருக்கும் என்று
காற்றை யாரும் எழுதுவதில்லை, அப்படியா?
அங்கே போனால் தேவைப்படாது என்றா?
எழுப்பிக் கேட்கவில்லை.

பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தேன்.
நாலு மணிக்கு ஹேமாவைக் கூட்டிவந்து
முகம் கழுவிவிட்டு, ரஸ்க் கொடுத்து,
நான் கடை முடித்து வரும்வரை
தன் தையல் மிஷின் பக்கத்தில்
உட்காரவைக்கிற மெஹருன்னிசா.
மாதம் எவ்வளவு என்று கேட்டால் அடிக்க வருவாள்.
இடப்பக்கம் வெறும் கோடு,
வலப்பக்கம் கேள்விக்குறி.

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை.
யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.
சூளகிரி தாண்டியதும் குளிர் காற்று,
அதற்குக் காசில்லை.
ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே
நாலு மருந்துக்கடை ஏறி இறங்கினேன்.
மூன்றாவது கடைக்காரர்
என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
தெலுங்கு வருமா, கன்னடம் வருமா என்றார்.
மாத்திரை பெயர் எல்லா பாஷையிலும்
ஒன்றுதானே என்றேன்.
சிரித்தார். பதிமூன்றாயிரம் என்றார்.
ராத்திரி ஒன்பதரை வரை என்றார்.

ஐயாயிரம் கூட.
அறுநூற்றி எண்பதோடு சேர்த்துப் பார்த்தேன்,
நன்றாகத்தான் இருந்தது.
நாலு மணிக்கும் ஒன்பதரைக்கும் நடுவே
பூட்டிய கதவின் முன்
புத்தகப் பையோடு ஒரு பெண்குழந்தை
கூட்டல் முடியும்வரை நின்றிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில்
ஜன்னலோர இருக்கையில் ஒருத்தி,
மடியில் சின்ன டைரி.
பாகலூர் சாலையில் குடியிருக்கிறாளாம்.
பன்னிரண்டு வாடகை கட்ட முடியவில்லை,
கிருஷ்ணகிரியில் மலிவு என்றார்கள்,
வீடு பார்க்கப் போகிறேன் என்றாள்.
அவள் டைரியிலும் நடுவே கோடு.
கிருஷ்ணகிரி அதில் வலப்பக்கம்.

"தண்ணி எப்படி அங்கே?"
குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்.
"பள்ளிக்கூடம்?"
நடந்தே போகலாம்.
"பக்கத்து வீட்டுக்காரங்க?"
கொஞ்ச நேரம் வெளியே பார்த்தேன்.
பரவாயில்லை என்றேன்.

"நீங்க என்ன வாடகை கொடுக்கிறீங்க?"

ஐயாயிரம் என்றேன்.
ஐந்நூறு ஏன் கூட்டிச் சொன்னேன்
இன்னும் தெரியவில்லை.
அவள் அதை எழுதிக்கொண்டாள்.