அடிநூல்

மெரூன் பாவாடையின் மேல்பக்கத்தில்
வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது அடிநூல்.
விரற்கடைக்கு ஒன்று,
சோற்றில் கல் மாதிரி.
மணி பதினொன்றரை.
விடிவதற்குள் இருபத்திரண்டு பாவாடை
எம்.சி. ரோடு கடைக்குப் போயாக வேண்டும்.

பகலில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறேன்.
எந்த மாடி என்று கேட்பதோடு சரி.
ராத்திரி, மாடிப்படிக்கடியில், இந்த மிஷின்.
பாதி என்னுடையது,
பாதி எதிர்வீட்டுப் பிலோமினாவுடையது.
காலடிப்பேட்டையில் மூடிப்போன கம்பெனி ஒன்றில்
ஆளுக்கு இரண்டாயிரத்து நூறு போட்டு வாங்கி
மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தோம்.
பகல் அவளுக்கு. இரவு எனக்கு.

தண்ணி லாரி வந்த அன்று
யார் குடம் முன்னால் என்று ஆரம்பித்து
செத்துப்போன என் அப்பா வரைக்கும் போய்
நாற்பது நாளாகப் பேச்சில்லை.
சொல்ல வேண்டியதை மிஷின் பலகையில்
சாக்கட்டியால் எழுதி வைக்கிறோம்.
‘எண்ணெய் போடவும்.’
‘போட்டாச்சு.’
‘ஊசி உடைஞ்சது யாரால?’
அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

இன்றைக்கு நான் எழுதினேன்:
‘உன் பாபின் சரியில்லை.’
எழுதிய பிறகுதான்
என்ன கோளாறு என்று தேட ஆரம்பித்தேன்.

மேல்நூலை உருவி மறுபடி கோத்தேன்,
தட்டுகளுக்கு நடுவே, ஏறி இறங்கும் கொக்கியில்,
எச்சில் தொட்டு ஊசிக்கண்ணில்.
தைத்தால், வெள்ளை.
மேல் டென்ஷனைத் தளர்த்தினேன்.
அடங்கிய மாதிரி இருந்து
நாலு அங்குலம் தாண்டி
மறுபடி தலைநீட்டியது.
பதினாறாம் நம்பர் புது ஊசி போட்டேன்.
வெள்ளை.

செல்போனை வாயில் கவ்வி வெளிச்சம் பாய்ச்சிப்
பல்தட்டைக் கழற்றினேன்.
பஞ்சு. துரு,
ராயபுரத்து உப்புக்காற்று எதைத்தான் விட்டது.
அப்புறம் ஒரு மீன்செதில்.

ஆகா என்றிருந்தது.
ஞாயிறானால் காசிமேட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கப் போகிறவள் அவள்.
செதிலைச் சாட்சி மாதிரி
பலகையின் நடுவில் வைத்தேன்.
துடைத்து, எண்ணெய் விட்டு, மூடித் தைத்தேன்.

வெள்ளை.

பாபின் கேஸை நூல்நுனியில் பிடித்துத் தொங்கவிட்டேன்.
லேசாக உதறினால்
ஒரு விரல் இறங்கி நிற்க வேண்டும்.
நிற்கவில்லை.
கயிறு அறுந்த லிஃப்ட் இப்படித்தான் போகும்.
தரையில் டணங்கென்று.

ஸ்பிரிங் திருகை இறுக்கப் போனேன்,
கழன்று விழுந்தது, கடுகளவு.
முட்டி போட்டு,
ஈர விரலால் சிமெண்டை ஒற்றி ஒற்றிக்
கண்டுபிடிக்க இரண்டேகால் ஆகிவிட்டது.

விழுந்ததும் நல்லதாயிற்று.
ஸ்பிரிங்குக்கு அடியில்
நசுங்கிச் சப்பையாக ஒரு நூல்துணுக்கு,
நகத்தில் பாதி.
அதுதான் ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

நீலம்.

பிலோமினா தைப்பது வெள்ளை உள்பாவாடை மட்டும்.
போன ஞாயிறு நீல நைட்டி பன்னிரண்டு தைத்தது நான்.
பாபினில் இருந்த வெள்ளையும் என்னுடையதில்லை.
அவள் சுற்றி வைத்துவிட்டுப் போனது.
அடிப்பக்கத்தை யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று
நாலு நாளாக அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

துணுக்கை எடுத்தேன். திருகை முடுக்கினேன்.
தையல் விழுந்தது, எறும்பு வரிசை மாதிரி.

பலகையைப் புறங்கையால் துடைத்தேன்.
‘உன்’ மட்டும் மரத்தின் வரிகளுக்குள் தங்கிவிட்டது.
செதிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்கு, இருபத்தோராவது பாவாடையில்,
ஊசி சும்மா குத்திக்கொண்டே போனது.
அடிநூல் தீர்ந்திருக்கிறது.

குடத்தோடு வந்தவள் நின்றாள்.
பலகையைப் பார்த்தாள். பாபினைப் பார்த்தாள்.
‘என் நூல முழுங்கிட்டு
காலி பாபின வெச்சுட்டுப் போலாம்னு பாத்தியா?’

‘சுத்தித் தரேன்.’

‘வெள்ளையில,’ என்றாள்.

சக்கரத்தை நெகிழ்த்தி, பாபினைச் சொருகி,
மிதிக்க ஆரம்பித்தேன்.
குடத்தை இறக்கி வைத்துவிட்டு
நூல் சமமாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்,
நம்பிக்கையில்லாமல்தான்.