நிழல்: குறைவு

லாரியைக் கிளப்பும் முன்
செட்டிங்ஸில் போய் நிழலை அணைத்துவிடுவேன்.
நிழல் இருந்தால் படம் திக்கும்.
நொடிக்குப் பதினோரு ஃபிரேம்,
ஸ்டியரிங் ஒரு பக்கம் போகும், சாலை ஒரு பக்கம்.
அணைத்தால் இருபத்தாறு. போதும், ஓட்டலாம்.
மரம் நிற்கும்.
மரத்தடியில் ஒன்றும் இருக்காது.

ராணிப்பேட்டைக்காரிக்கு இது புதிதில்லை.
சாலையை அகலமாக்கியபோது
இங்கேயும் யாரோ நிழலை அணைத்தார்கள்.
கம்பெனி பஸ் இப்போது வேகமாகத்தான் போகிறது.

சித்திரையில் சீட்டு விழுந்தது.
நகை வட்டி போக, தம்பியின் செமஸ்டர் பணம் போக
ஆறாயிரத்து எழுநூறு.
"குக்கர் வாங்கேன்" என்றார் பிலவேந்திரன்.
கேஸ்கட் மாற்றினேன், எண்பது ரூபாய்.
குக்கர் பழையபடி கத்தியது.
மீதியை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினேன்.

இம்தியாஸ் கடையில் ஃபேன் கூட உதிரிபாகம்தான்.
நான் எழுதிக்கொண்டுபோன சீட்டை வாங்கி
போர்டு பெயரைப் பார்த்தான், ப்ராசஸரின் வயதைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"இன்னாக்கா, இது இன்னும் உயிரோட கீதா?"
"கீது."
"கார்டு பெருசா போட்டா பவர் பத்தாது.
பவர் மாத்துனா போர்டு தாங்காது.
போர்டு மாத்துனா..."
ஆறிருந்தும் நீரில்லை, மலையிருந்தும் மரமில்லை என்று
இந்த ஊரை அடுக்கிச் சொல்வார்களே,
அந்த வரிசையில்
அவன் என் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒரு கார்டு, தனி வயர் கேட்காதது.
ஆஸ்பத்திரி பக்கம் மூடிப்போன பிரௌசிங் சென்டருடையது.
வங்காளத்திலிருந்து வந்து
ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்களின் பிள்ளைகள்
அதில் கார் ஓட்டியிருப்பார்கள்.
மூவாயிரத்து எண்ணூறு.
ரேம் எண்ணூற்றைம்பது.
பழைய டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி, ஆயிரத்து நானூறு.
பேஸ்ட் சும்மா கொடுத்தான், பாதி பிதுக்கிய ட்யூப்.
"அரிசி அளவு வைக்கா."

எந்த அரிசி என்று கேட்கவில்லை.
ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு ஜோடி சோலுக்குப் பசை தடவும் கை.
சீரகச் சம்பா அளவு வைத்தேன்.
மூடியைத் திறந்தபோது உள்ளே பஞ்சுபஞ்சாய்த் தூசி,
அதில் ஒரு பல்லி முட்டை ஓடு.
எட்டு வருஷம் இதையும் சூடாக்கிக்கொண்டுதான் ஓடியிருக்கிறது.

கார்டு இரண்டு விரற்கடை நீளம்.
டிஸ்க் வைக்கும் கூண்டை
ஆக்ஸா பிளேடால் அறுத்தார் பிலவேந்திரன்,
குக்கரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.

பட்டனை அழுத்தினேன். மூன்று பீப்.
மறுபடி. மூன்று பீப்.
ஆறாயிரம் ரூபாய் மூன்று முறை கூவியது.
தம்பியின் டிராயிங் ரப்பரை எடுத்து
ரேமின் பித்தளைப் பற்களைத் தேய்த்தேன்,
ஊதினேன், செருகினேன், கண்ணை மூடிக்கொண்டேன்.
ஒரே பீப்.

நிழல்: உயர்வு. திக்கியது.
நடுத்தரம். ஓடியது, டேபிள் ஃபேனை மீறிக்கொண்டு இரைந்தது.
குறைவு.
நாற்பத்தெட்டு ஃபிரேம்.

பதினெட்டு டன் சரக்கோடு
பெயர் படிக்க வராத ஊரைத் தாண்டிப் போனேன்.
சாலையோரம் ஒரு மரம்.
அடியில் நிழல்,
ஓரமெல்லாம் பிசிறு, மொண்ணைக் கத்தியில் வெட்டிய தோல் மாதிரி.
வண்டியை அதற்குள் விட்டு எஞ்சினை நிறுத்தினேன்.

நேரத்துக்குப் போகாவிட்டால் அபராதம் என்று
மூலையில் சிவப்பு எழுத்து மின்னியது.
ஜன்னலுக்கு வெளியே நூற்றேழு டிகிரி.

"என்ன, ஹேங் ஆயிடுச்சா?"
"இல்லை" என்றேன்.
"நிக்கிறேன்."